மலாயாவும் ஓர் அண்டா ரசமும்

சாப்பாட்டுக்கடைகளில் சமையலுக்குப் பாவிக்கும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் முழுவதும் ஈயம், அதாவது வெள்ளீயம், பூசப்பட்டிருக்க வேண்டும். பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூடாது. எங்கள் ஊர்க் கடைகளுக்கான துணைவிதிகளில் இதுவும் ஒன்று. நல்ல விதிதான். நகரசபை உத்தியோகத்தில் இருந்த காலத்தில் இதை எத்தனையோ தடவை பிரதி எடுத்துக் கடைக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். நாட்டில் ஈயமே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் அந்த விதியை எழுதியவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்து ஒரு வருடம் கழித்து வந்த மாசி மகத்தன்று, மாத்தளையில் மாரியம்மன் தேர் ஓடிய நாளில் இது நடந்தது. நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஓய்வு பெற்ற கிளாக்கர் ஒருவருக்கு ஊரில் உள்ள வேலை ஒன்றுதான். காலையில் திருகோணமலை வீதிச் சைவக் கடைக்குப் போய், வாசலோரத்து வாங்கில் உட்கார்ந்து, ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு உலக யுத்தத்தை நடத்துவது.

இந்த வேலையில் எனக்குக் கூட்டாளி மிளகு வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் நானா. அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் நானா என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடி போடாமல் அவருக்கு அச்செழுத்துத் தெரியாது. கண்ணாடி வாங்கவும் மாட்டார். ஆகவே பத்திரிகையை நான் வாசிப்பேன், அபிப்பிராயத்தை அவர் சொல்வார்.

"மலாயா போச்சு, சிங்கப்பூர் போச்செண்டு ஒரு வருஷமா வாசிக்கிறீங்களே கிளாக்கரையா, அதால எங்களுக்கென்ன? மலாயாவில இருந்தா எனக்கு மிளகு வருது?"

"பர்மா போனதாலதான் நானா உங்க ரேஷன் கூப்பன்ல அரிசி கொறஞ்சு போச்சு."

"அது பர்மா. நான் கேட்டது மலாயா."

இதற்கு மேல் அவரோடு பேச முடியாது. பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பும். அதிலும் எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது. பலாபத்வலைப் பக்கத்துக் கடையொன்றில் வடை தின்றால் காய்ச்சல் வரும் என்பார் ஒருவர். உக்குவளையில் வாங்கிய பாண் ரொட்டியில் மரத்தூள் இருந்தது என்பார் இன்னொருவர். இவற்றை எல்லாம் கேட்டுக்கொண்டே கடை முதலாளி எங்களுக்கு முன்னால் வந்து நின்று, கையில் உள்ள செம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். மாமனாரின் கடையைத் தம் கடையாக ஆக்கி நடத்தியவர்.

"நம்ம கடைப் பாத்திரத்தப் பாருங்க ஐயா. மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம்."

"அப்ப தேத்தண்ணிய எதுல குடிக்கிற, சவரக் கிண்ணத்துலயா?" என்பார் நானா. முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தக் கடையின் பெருமையே பாத்திரங்களின் மினுக்கம்தான். பாத்திரம் மின்னினால் கடை சுத்தம், கடை சுத்தம் என்றால் சாப்பாடு சுத்தம். ஊர் முழுக்க இதுதான் அபிப்பிராயம், நானும் மறுத்துப் பேசியதில்லை.

யுத்தம் அந்தக் கடையின் சமையலையும் மாற்றியிருந்தது. பருப்புக் கிடைக்கவில்லை, அதனால் சாம்பார் நின்றது. சாம்பார் இருந்த இடமெல்லாம் ரசம் வந்தது. தோசைக்கு ரசம், பிட்டுக்கு ரசம், கூப்பன் சோற்றுக்கும் ரசம். கப்பல் ஓடாததால் நானாவின் மிளகு விலைபோகாமல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. முதலாளி அதை மலிவாக வாங்கிக் கை நிறைய இடித்துப் போட்டார். புளியும் அப்படித்தான். அந்த ரசத்தை ஒரு மிடறு குடித்தால் அதன் பிறகு நாக்குக்கு வேறெந்த ருசியும் தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

தேருக்கென்று கடையில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் அது அடுப்பேறும். மற்ற நாட்களில் பின்கட்டில் கவிழ்த்துக் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் தேருக்குச் சில நாட்களுக்கு முன் ஈயம் பூசுகிறவர் வந்து அதற்கு உள்ளே பூசிவிட்டுப் போவார். அந்த வருடம் அவர் வரவில்லை. ஆள் அனுப்பியதற்கு அடுத்த கிழமை வருகிறேன் என்றாராம். முதலாளியும் போன வருடப் பூச்சு இன்னும் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். ஆனால் ஒரு வருடம் கிடந்த அண்டா கறுத்திருந்தது. தேர் நாளில் கறுத்த அண்டாவை அவர் எப்படி அடுப்பில் ஏற்றுவார்? புளியும் செங்கல்தூளும் கொடுத்து, தேங்காய்த் தும்பால் உள்ளும் புறமும் தேய் தேய் என்று தேய்க்க வைத்தார்.

தேருக்கு முந்திய நாள் மாலை அண்டாவைக் கடை வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேற்கு வெயில் அதில் பட்டுத் தெரு முழுக்கத் தெறித்தது.

"தங்கமெண்டா இதுதான் தங்கம்" என்றார் நானா. முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அண்டாவைவிட அது அதிகமாக மின்னியது.

மறுநாள் விடியுமுன்பே ரசம் கொதித்து இறங்கியது. மத்தியானம் கழியும் வரை அது அந்த அண்டாவிலேயே இருந்தது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த சனம் அலையலையாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தது. நான் அன்று கடைப் பக்கம் போகவில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தேர் பார்க்கப் போயிருந்தேன்.

கோயில் முன்னால் முதலில் விழுந்தவர் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த கங்காணியின் மனைவி. வெயில் என்றார்கள். தண்ணீர் தெளித்தார்கள். அவர் எடுத்த வாந்தி நிற்கவே இல்லை. அதற்குள் அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார்கள். அந்த அம்மாவை மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நிலைமை மோசம் என்று செய்தி வந்தது. எங்கே சாப்பிட்டார்கள் என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது. எல்லோரும் சொன்ன பதில் ஒன்றே.

நான் போய்ச் சேர்ந்தபோது கடைவாசலில் தேருக்குக் கூடிய கூட்டத்தில் பாதி நின்றது. அபிப்பிராயங்கள் பறந்தன.

"கெணத்துல சப்பான்காரன் மருந்து போட்டுட்டான்!"

"சப்பான்காரன் எப்பிடிடா கெணத்துக்கு வந்தான்?"

"ஆகாசத்துலேருந்து போட்டான்."

"கெணத்துக்கு மேல தகரக் கூரை இருக்கேடா மடையா!"

"அப்ப மொதலாளிதான் போட்டாரு."

இந்தக் கடைசி அபிப்பிராயம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஜப்பான்காரன் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தான், முதலாளி வாசலிலேயே நின்றார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை. அந்த அம்மா இறந்துபோனால் பொலிஸ் வழக்கு, இறக்காவிட்டாலும் கடை லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் அவருக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?

சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்து இளைஞர், வேலைக்குப் புதியவர். நேரே உள்ளே போய், கல்லாவில் இருந்த பித்தளைச் செம்பைக் கையிலெடுத்து, ரசத்தை அதில் ஊற்றி மூடச் சொன்னார். கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பவாம். கடையை அப்போதே பூட்டப் போவதாகவும் சொன்னார்.

"தம்பி, அதுல எடுக்கக் கூடாது" என்றேன்.

"ஐயா, உங்களுக்கு இஞ்ச என்ன வேலை?"

"வேலை ஒண்ணுமில்ல. ரிட்டயர் ஆயிட்டேன். அதனாலதான் சொல்றதுக்கு நேரம் இருக்கு. புளி ரசத்தப் பித்தளையில ஊத்திக் கொழும்புக்கு அனுப்பினா, போய்ச் சேருறதுக்குள்ள அது தானாவே விஷமாயிடும். கண்ணாடிப் போத்தல் வேணும். ஒண்ணு கொழும்புக்கு, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு கடைக்காரருக்கு. முத்திரை அவர் கண் முன்னால வைக்கணும். பூட்டுறது அதுக்கப்புறம்."

அவருடைய காது சிவந்தது. ஆனால் படித்த பிள்ளை, விதி என்றதும் நின்றுவிட்டார். நானா ஓடிப்போய்த் தம் வீட்டிலிருந்து போத்தல்கள் கொண்டு வந்தார்.

"இது பன்னீர்ப் போத்தலாச்சே நானா. கழுவுனீங்களா? இல்லன்னா கொழும்புக்காரன் இது கல்யாண வீட்டு ரசம்னு எழுதிருவான்."

"சுடுதண்ணியில மூணு தரம் அலசினேன். நீங்க ஊத்துங்க, ஐயா."

பரிசோதகரும் நானும் அடுப்படிக்குப் போனோம். அண்டாவில் கால்வாசி ரசம் மிஞ்சியிருந்தது. போத்தல்களை நிரப்பிய பின் அவரிடம் டோர்ச்சை வாங்கி உள்ளே அடித்தேன். ரசம் முதலில் நின்ற மட்டத்தில் பச்சையும் நீலமுமாக ஒரு களிம்பு வளையம். அதற்குக் கீழே, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் நானா சொன்ன அதே தங்கம். ஈயப் பூச்சு என்று ஒரு நகமளவுகூட மிச்சமில்லை. செங்கல்தூளும் தும்பும் அதைச் சுரண்டி எடுத்துப் பித்தளையை வெறும் உடம்பாக விட்டிருந்தன. அந்த வெறும் பித்தளையில் விடியற்காலையிலிருந்து புளி ஊறியிருக்கிறது. மிளகுக் காரத்தில் அந்தக் கசப்பு யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"எங் கடை ரசத்துல விஷம்னா, அது மொதல்ல எனக்கே சேரட்டும்! ஆத்தா மேல சத்தியம்! எல்லாரும் பாத்துக்கங்க!"

நாங்கள் அடுப்படிக்குப் போகுமுன்பே அவர் ஒரு செம்பு நிறைய ரசத்தை மொண்டு வைத்திருக்கிறார். இப்போது எங்கள் வாங்கின் மேல் ஏறி நின்று, கூட்டத்துக்கு முன்னால் அதை வாயருகே கொண்டு போய்விட்டார். காலையிலிருந்து பரிமாறும் அவசரத்தில் அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வெறும் வயிறு, அண்டாவின் அடியில் கிடந்த ரசம். என் வயதில் ஓட முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஓடிப்போய் அவர் கையை ஓங்கி அடித்தேன். செம்பு தெருவில் போய் விழுந்தது. ரசம் என் வேட்டி முழுக்க வழிந்தது.

பிறகு கூட்டம் கொதித்தது.

"பாத்தீங்களா! கிளாக்கரே தட்டி விட்டுட்டாரு! வெஷம்தான்! அவருக்குத் தெரிஞ்சிருக்கு!"

எங்கிருந்தோ வந்த கல்லொன்று பலகார அலுமாரியின் கண்ணாடியை உடைத்தது. எனக்குக் கண்ணாடி உடைந்தது பெரிதாகப் படவில்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வைதான் இன்றுவரை மறக்க முடியாதது. தன்னுடைய ஒரே சாட்சியைத் தன்னுடைய ஒரே நண்பன் தெருவில் கொட்டிவிட்டான் என்று அந்தக் கண்கள் சொல்லின. அவரைக் காப்பாற்றப் போட்ட அடி ஊர் முன்னால் அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. இதற்கு எந்த விதியிலும் பரிகாரம் எழுதவில்லை.

"அண்டாவத் தூக்கிட்டு வாங்க" என்றேன். கடை ஆட்கள் பயந்து ஒதுங்கினார்கள். பரிசோதகர் காற்சட்டையை மடித்துக்கொண்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். நானா மறு காதைப் பிடித்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். நடுத்தெருவில் வைத்துச் சாய்த்தோம்.

"எல்லாரும் உள்ள பாருங்க. என்ன நெறம்?"

"தங்க நெறம்" என்றது முன்வரிசை.

"வெள்ளையா இருக்கணும். ஈயம் பூசியிருந்தா வெள்ளையா இருக்கும். பூசலன்னா புளியில பித்தளை கரையும். கரைஞ்சதுதான் இந்தப் பச்சை. மருந்து போட்டவன் ஒருத்தனுமில்ல."

"ஏன் ஈயம் பூசல?" என்று ஒருவன் கத்தினான்.

"பூசுறவர் வரல."

"ஏன் வரல?"

"அவருகிட்ட ஈயம் இல்ல."

"ஏன் இல்ல?"

நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் ஒரு குரல் மெதுவாக வந்தது. நானா அண்டாவின் காதைப் பிடித்தபடியே நின்றார்.

"ஈயம் மலாயாவிலதானே எடுக்கிறது" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஒண்டும் சொல்லாதீங்க கிளாக்கரையா" என்றார்.

முதலாளி வாங்கிலிருந்து இறங்கி வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். "நாந்தானேங்க தேய்க்கச் சொன்னேன்" என்றார். "சுத்தமா இருக்கட்டும்னுதானேங்க..."

கூட்டம் விலகி வழிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கங்காணி வந்து நின்றார். யார் சொன்னதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அண்டாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"வெளக்கமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எம் பொஞ்சாதிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இந்த அண்டாவையா தூக்குல போடப் போறீங்க?"

முதலாளி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கங்காணிக்குப் பின்னால் நடந்தார். அவர் போனது ஆஸ்பத்திரிக்கு. கடை திறந்து கிடந்தது, அதைப் பூட்டச் சொல்லக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆபத்துத் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலாளி தம் கூப்பன் அரிசியில் கஞ்சி வைத்துப் புது மண்சட்டியில் கொண்டு வந்திருந்தார். அந்த அம்மா சட்டியை வாங்கி, கஞ்சியை ஒதுக்கி ஒதுக்கி அடிவரை பார்த்தார்.

"நாங் குடிச்சுக் காட்டவா, ஆத்தா?" என்றார் முதலாளி பயந்துகொண்டே.

"வேணாஞ்சாமி. நேத்து நீ குடிச்சுக் காட்டப் போயித்தான் அந்தய்யா வேட்டி பாழாப் போச்சாமே."

கங்காணி சிரிக்கவில்லை. ஆனால் பொலிசுக்கும் போகவில்லை. கஞ்சியில் பாதியை அவரும் குடித்தார்.

மிச்சம் இருந்தது லைசென்ஸ். கொழும்புக்குப் போன போத்தலின் முடிவும் நாங்கள் பார்த்ததையே சொன்னது. பரிசோதகர் துணைவிதிப் புத்தகத்தோடு எங்கள் வாங்குக்கே வந்தார். மீறலைத் திருத்தும்படி முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், திருத்தாவிட்டால்தான் லைசென்ஸை ரத்துச் செய்யலாம். ஆனால் எப்படித் திருத்துவது? பித்தளையில் சமைக்க ஈயம் இல்லை. அலுமினியம் எல்லாம் ஆகாய விமானம் செய்யப் போய்விட்டது. மண்சட்டி என்றால், அது நீரை உறிஞ்சுவதால் சாப்பாட்டுக்கடைக்கு ஆகாது என்று இன்னொரு துணைவிதி தடுத்தது. ஆக, சட்டப்படி பார்த்தால் யுத்தம் முடியும்வரை மாத்தளையில் யாரும் விற்பனைக்கு ரசம் வைக்க முடியாது.

"அப்ப கடையை மூடத்தானே வேணும்?" என்றார் பரிசோதகர். அவருக்கும் அதில் விருப்பமில்லை என்று தெரிந்தது.

"மூட வேண்டாம். நீங்க குடுக்குற அறிவித்தலுக்கு மறுமொழியா, மண்சட்டி பாவிக்க விசேஷ அனுமதி கேட்டு மொதலாளி ஒரு மனுக் கொடுப்பாரு. அனுமதி கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்ல, கொழும்புக்கு அனுப்பணும். நீங்க மண்சட்டிய வந்து பாத்து, சுத்தமா இருக்குன்னா, கொழும்பு பதிலை எதிர்பார்த்து நடவடிக்கை நிறுத்தி வைக்கப்பட்டிருக்குன்னு கோப்புல எழுதிக்கலாம். பதில் வர்ற வரைக்கும் லைசென்ஸைத் தொட முடியாது."

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"பதில் கெதியா வந்திட்டால் என்ன செய்யிறது?"

"தம்பி, நான் மனுவுக்குப் பதில் எழுதுற நாற்காலியில உக்காந்து எழுந்தவன். வராது."

அன்றுதான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். சொன்னபடியே எழுதினார். அதோடு விடவும் இல்லை. கிழமைக்கு ஒரு தரம் அடுப்படிக்கு வந்து, கீறல் விழுந்த சட்டிகளைத் தம் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுப் போவார். முதலாளி முணுமுணுப்பார், பிறகு புதுச்சட்டி வாங்குவார். கல்லெறிந்தவர்களும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். மண்சட்டி ரசத்துக்குத் தனி வாசம் என்று அவர்களே ஊரெல்லாம் சொன்னார்கள். அதுவும் ஓர் அபிப்பிராயம்தான், ஆனால் இந்த ஒன்றை நான் குடித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன்.

நானாவும் மாறினார். நான் பத்திரிகை வாசிக்கும்போது ஏதாவது ஒரு தூரத்து நாட்டின் பெயர் வந்தால், எங்களுக்கென்ன என்று கேட்பதில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அங்கேயிருந்து எங்களுக்கு என்ன வருது, கிளாக்கரையா?" என்பார். பல நாள் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல நானும் பழகிக்கொண்டேன்.

இன்றும் ஒரு சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தால், மினுங்கும் வெளிப்பக்கத்தை விட்டு உட்பக்கத்தை எட்டிப் பார்க்கிறேன், பத்திரிகைச் செய்தியையும் அப்படித்தான் பார்க்கிறேன். யுத்தம் முடியும் வரையில் மட்டும் மண்சட்டி பாவிக்கலாம் என்று அனுமதி தந்து கொழும்பு எழுதிய பதிலை முதலாளி என் கையில் கொடுத்தது, யுத்தம் முடிந்து வந்த முதல் தைப்பொங்கலுக்கு முந்திய நாள்.